அர்ச்சனை நோட்டில் உங்கள் வரி

நேற்று உங்கள் பழைய அறையில் இருந்தவர்கள்: இப்போதைய தலைமையாசிரியை, விளையாட்டு டீச்சர், முன்னாள் மாணவிகள் மூன்று பேர், நான். பள்ளி வரலாற்று மலருக்குப் பழைய பெயர்கள் தேடினார்கள். சேர்க்கைப் பதிவேட்டில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. பையிலிருந்து என் அர்ச்சனை நோட்டுகளை எடுத்து வைத்தேன். அறை முழுக்கத் திருநீற்று வாசம். நீங்கள் மறைந்து மூன்று வருடம் கழித்து, சாமியே இல்லை என்ற உங்கள் அறையில் அந்த வாசமா என்று சிரிப்பு வந்துவிட்டது, டீச்சர்.

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தின வெள்ளியன்று பிள்ளைகள் ஹால் டிக்கெட்டோடு பள்ளிக்கு எதிரே இருக்கும் பிள்ளையார் கோயிலுக்கு வருவார்கள். பெயர், நட்சத்திரம், எந்தப் பாடத்துக்குப் பயம், அர்ச்சனைக்கு வந்து சொன்னது யார் என்று எழுதிக்கொண்டு, ஒருத்தி விடாமல் அர்ச்சனை செய்விப்பேன். ஐந்தாவதோடு நின்ற நான் இங்கிலீஷ் எழுத்துப் படித்ததே அந்த ஹால் டிக்கெட்டுகளில்தான்.

"என்ன ஆச்சி, இந்த வருசமாச்சும் உங்க பிள்ளையார் பேப்பர் திருத்த வாராரா?" என்பீர்கள், பள்ளி வாசலில் நின்று.

"சொல்லிக் குடுக்க நீங்க இருக்கீக. கை நடுங்காம அவரு பாத்துக்கிருவாரு."

நேற்று வரிவரியாகப் படித்தோம். இங்கிலீஷுக்குப் பயந்தவள் இப்போது தூதரகத்தில் மொழிபெயர்ப்பாளர். அறிவியலுக்குப் பயந்தவள் கண் மருத்துவர். விளையாட்டு டீச்சர் தன் பெயரையே கண்டுபிடித்தார். பயம் என்ற இடத்தில் 'எல்லாப் பாடமும்'. அறையே சிரித்தது.

அடுத்த பக்கத்தை நான் புரட்டவில்லை. அதில் நீங்கள் இருக்கிறீர்கள்.

கோயிலில் ஆளில்லாத மதியம், செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தீர்கள். "கானாடுகாத்தான்லருந்து வர்ற கலா. நட்சத்திரம் தெரியல. கணக்கு. அம்மா தவறி ஒரு வாரந்தான் ஆகுது. அவளுக்குன்னு வந்து சொல்ல ஆளில்ல ஆச்சி." படியிறங்கும்போது திரும்பினீர்கள். "யார்ட்டயும் சொல்லீறாதீக. அப்பறம் நான் பிரேயர்ல எந்த மூஞ்சிய வச்சுப் பேசுறது?"

அந்தக் கலா இன்று பாலம் கட்டும் பொறியாளர். மலரை வெளியிட அவள்தான் வருகிறாள். அவளுக்கு நோட்டைக் காட்ட வேண்டுமாம். அவள் பெயருக்கு நேரே, 'சொன்னது: தலைமையாசிரியை' என்று என் கையெழுத்து. எழுதியதை நான் அடிப்பதில்லை. காகிதம் ஒட்டி மறைக்கலாம். ஆனால் அன்று தனக்காகவும் ஒருவர் படியேறினார் என்று அந்தப் பெண் அறிய வேண்டாமா?

இப்போதும் ஒவ்வொரு வருடமும் முதல் அர்ச்சனை, சொல்ல ஆளில்லாத பிள்ளைகளுக்குத்தான். அது உங்களிடம் கற்றது.

வெள்ளிக்கிழமை நோட்டைக் கேட்டிருக்கிறார்கள். காட்டவா, வேண்டாமா? பூ விழுந்தால் உத்தரவு என்பதை நீங்கள் ஒப்ப மாட்டீர்கள். அதனால் கனவில் வந்தே சொல்லுங்கள். வியாழனுக்குள் பதில் வேண்டும், டீச்சர்.