பட்டியலில் ஏழாம் இடம்

ஜூன் 9, திங்கள்

மன்னிக்கணும். எழுதும் அளவுக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. முத்துசெல்வம் அண்ணாச்சி கடையில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. முதல் பக்கத்தில் திருச்செந்தூர் முருகன், அதற்குப் பிறகு இன்றுவரை வெறும் தாள். அதை வீணாக்கப் போகிறேன். ஒளித்து வைக்கத் தேவையில்லை. இந்த வீட்டில் தாராவி முனிசிபல் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தது நான் மட்டும்தான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுத்து வராது. லீக் பையன்கள் தமிழ் பேசுவார்களே தவிர, வாசிக்கத் தெரியாது.

“அது என்னட்டி லீக்கு, பொழுதன்னைக்கும் போன்ல?” என்று அம்மா கேட்டாள். சொல்ல வரவில்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

கம்ப்யூட்டரே ஆடிக்கொள்ளும் கூடைப்பந்து. நிஜப் பந்தும் இல்லை, நிஜ ஆளும் இல்லை. ஆளுக்கொரு வீரனை உண்டாக்கி, அவனுக்கு வேகம் இவ்வளவு, குதிப்பது இவ்வளவு என்று புள்ளிகளைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். அவனை ஏதாவது ஒரு டீம் எடுத்துக்கொள்ளும். சாயங்காலம் ஆட்டம் ஓடும். யார் பாஸ் கொடுத்தான், யார் தவறவிட்டான் என்று வரி வரியாக எழுத்தில் வரும், படம் கிடையாது. முதல் சீசன் ஆடுகிறவன் ரூக்கி. வாராவாரம் ரூக்கிகளை வரிசைப்படுத்தி எழுதுவது என் வேலை. அங்கே என் பெயர் எம்.பி. மகேஸ்வரி பிச்சை என்று யாருக்கும் தெரியாது.

இதைப் போய் அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

ஜூன் 14, சனி

செம்பூரில் இன்டர்வியூ. “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றார்கள். பெயர் சொன்னேன். பி.காம். என்றேன். அதற்கப்புறமும் மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

இந்த வாரப் பட்டியல் போட்டாயிற்று.

மற்றவர்கள் யார் எத்தனை பாயிண்ட் என்று மட்டும் பார்ப்பார்கள். நான் ஆட்டத்தின் எழுத்து முழுவதையும் வாசிக்கிறேன். போன மாதம் அடியில் கிடந்த ஒரு பையனை ஆறாம் இடத்துக்கு ஏற்றினேன். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில், எல்லோரும் பதறும்போது, இவன் பந்தை விடுவதில்லை என்று எழுதினேன். அடுத்த நாளே, லீக்கில் ஒரு டீமை நடத்தும் தப்ரேஸ் தன் டீமில் அவனை முதல் ஐந்து பேரில் இறக்கிவிட்டான். நான் எழுதியதைப் படித்து ஒருவன் ஒன்று செய்திருக்கிறான். அன்று முழுக்க எனக்கு நடை வேறு மாதிரி இருந்தது.

எனக்கும் ஒரு ரூக்கி உண்டு. இசக்கிராஜ். எங்கள் சந்திலேயே மூன்று இசக்கிராஜ் இருக்கிறார்கள், கூடைப்பந்தில் ஒருவனாவது இருக்கட்டும் என்று வைத்தேன். எல்லோரும் தங்கள் ஆளுக்கு எறிவதில் புள்ளியைக் கொட்டினார்கள். நான் தடுப்பதிலும் ஸ்க்ரீனிலும் போட்டேன். ஸ்க்ரீன் என்றால் எதிராளியின் வழியில் அசையாமல் நிற்பது. அவன் மோதி நிற்பதற்குள் நம் ஆள் நிம்மதியாக எறிந்துவிடுவான். பாயிண்ட் எறிந்தவனுக்கு. நின்றவனுக்கு எதுவும் ஏறாது. எறியத்தான் ஊர்ப்பட்ட ஆள் இருக்கே என்று நினைத்துச் செய்தது. என் புத்தி.

பட்டியல் போடுகிறவர் தன் ஆளை அதில் சேர்க்கக் கூடாது. லீக்கை நடத்தும் கௌசிக் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டான். மாட்டுங்காக்காரன், மரியாதையான பையன். ரூலும் நியாயமானதுதான். சரி என்றேன். நான் எதற்குத்தான் சரி என்று சொல்லவில்லை?

ஜூன் 23, திங்கள்

செம்பூரில் எடுத்தவர்களின் பெயர்கள் மெயிலில் வந்தன. நான் இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

சீசன் முடியப் போகிறது. ஒரு டீம் இரண்டு ரூக்கிகளைத்தான் வைத்துக்கொள்ளலாமாம். மிச்சப் பேரை அழித்துவிடுவார்கள். கௌசிக் அறிவிப்பில் போட்டிருக்கிறான்: ‘அழிக்கப்படும்.’ இசக்கிராஜ் இருப்பது ஷாகிரின் டீமில். அங்கே ஐந்து ரூக்கி.

அவன் போனால் எனக்கு என்ன? தெரியவில்லை. ஆனால் அந்த அறிவிப்பை நாலு தடவை திறந்து படித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை லீக் ஆட்கள் கிங்ஸ் சர்க்கிளில் ஒரு ஓட்டலில் கூடுகிறார்கள். ‘வருகிறேன்’ என்று மெசேஜ் போட்டுவிட்டேன். என் ஆளை எனக்குப் பதிலாக வேறு யாராவது வரிசைப்படுத்தட்டும் என்று கௌசிக்கிடம் நேரில் சொன்னால் போதும். ஒரே ஒரு வாக்கியம்.

ஜூலை 6, ஞாயிறு

மழை. நடந்தே போனேன். போட்டோவில் பார்த்திருந்ததால் கௌசிக்கைத் தெரிந்தது. கூட இரண்டு பேர். பேச்சிலேயே யார் ஷாகிர், யார் தப்ரேஸ் என்று புரிந்துவிட்டது. பக்கத்து மேஜையில் உட்கார்ந்து காப்பி சொன்னேன். குடித்துவிட்டு எழுந்து போய்ச் சொல்வதாக எண்ணம்.

“எம்.பி. வர்றேன்னாரே, எங்கடா?” இது ஷாகிர்.

“வருவார். மழைல்ல, வயசானவர்,” என்றான் கௌசிக்.

“வயசானவரா? பாத்திருக்கியா?”

“பாக்கணுமா என்ன? மேட்ச் டெக்ஸ்ட் மொத்தத்தையும் எவன் படிப்பான்? ரிடயர்டு பேங்க் மாமாதான்.”

“அந்த மாமா காலிபீலி, ஒரு காரணமும் இல்லாம, என் ஸ்டாரை ஒன்பதாம் இடத்துல போட்டாரு,” என்றான் தப்ரேஸ். “வரட்டும். அவருக்கு மட்டும் தனி பில். ஆனா ஒண்ணுடா, அவர் சொன்ன பையன் சோனா, தங்கம்.”

சிரிப்பு வந்தது. டம்ளரை வாயில் வைத்துக்கொண்டேன். இப்போது எழுந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

அப்போதுதான் தப்ரேஸ் கேட்டான், “உன் டீம்ல அந்த விஸ்கி ராஜ் எப்படி?”

“இசக்கிடா, அறிவே. அவன் நல்ல ஆளா இல்லையான்னே தெரியல. எம்.பி. லிஸ்ட்ல ஒரு வாரம்கூட பேர் வரல. அந்த மனுசனே தொடலன்னா அவன்ட்ட ஒண்ணும் இல்லன்னுதான அர்த்தம்?”

“எம்.பி.க்கும் ஒரு ஆள் உண்டுல்ல,” என்றான் கௌசிக். “அவனை மட்டும் லிஸ்ட்ல போடக்கூடாது. யாரு அது... ஞாபகம் இல்ல, பாத்துச் சொல்றேன்.”

மசால் தோசை வந்தது. பேச்சு சட்னிக்குப் போய்விட்டது.

கை நீட்டினா தொட்டிருப்பேன். அவன் என் ஆளு, ரூலால விட்டுப்போச்சு, நான்தான் எம்.பி. — இவ்வளவுதான சொல்லணும்? செம்பூர்லயும் இப்படித்தான். பேரு, பி.காம்., அதோட சரி. ஏன் எனக்கு மட்டும் இப்படி?

வெயிட்டர் “வேற என்ன?” என்றார். “பில்” என்றேன். காப்பி, பில். அங்கே நான் பேசியது அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, “போன காரியம் ஆச்சா?” என்றாள்.

“இல்லம்மா.”

“கேட்டியா, கேக்காமயே வந்துட்டியா?”

ஈரத் துணியை உதறிக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 12, சனி

அப்பா அண்ணாச்சியிடம் பேசியிருக்கிறார். “பி.காம். படிச்ச புள்ளைக்கு பில்லு போட வராதா, அனுப்பும்வே,” என்றாராம் அண்ணாச்சி. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி முதல் கடையில். காலையில் போனால் ராத்திரி ஷட்டர் இறக்கும் வரை. என்னைப் படிக்க வைத்ததற்காக அப்பா சந்தில் எத்தனை பேரிடம் பேச்சு வாங்கியிருக்கிறார். கடை வேலையைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

சரி என்றேன்.

ஜூலை 19, சனி

நாளை கடைசிப் பட்டியல். அதை வைத்துத்தான் எல்லோரும் யாரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்வார்கள்.

ஷாகிருக்கு மெசேஜ் அடித்தேன், அழித்தேன். மறுபடி அடித்தேன். ஒரு பேங்க் மாமா தன் ஆளுக்காகக் கெஞ்சுகிறார் என்று நினைப்பான். நினைத்தால் என்ன? அழித்தேன்.

பிறகு, மற்றவர்களை எதைக் கொண்டு அளந்தேனோ அதைக் கொண்டே இசக்கிராஜையும் அளந்தேன். என் ஆள் என்று எதுவும் கூட்டிப் போடவில்லை. அவன் நிற்கும்போது டீம் எறிந்தது எத்தனை, அவன் பெஞ்சில் இருக்கும்போது எத்தனை. ஏழாம் இடம் வருகிறது. பெரிய வீரன் இல்லை. ஆனால் ஷாகிரின் ஐந்து பேரில் அவன் இரண்டாவது. ஷாகிர் வைத்துக்கொள்ள வேண்டிய ஆள்.

இது தெரிந்த ஒரே ஆள் நான்.

ஜூலை 20, ஞாயிறு

ஆறு வரை எழுதினேன். ஏழு என்று போட்டு எதிரே ஒன்றும் எழுதவில்லை. எட்டிலிருந்து மற்றவர்கள். ரூலை மீறவில்லை.

யாராவது கேட்பார்கள், ஏழில் யார் என்று. கேட்டால் சொல்லிவிடுவேன். கேட்டால் என்னால் சொல்ல முடியும்.

ஜூலை 21, திங்கள்

கௌசிக் மெசேஜ்: “அங்கிள், ஏழு விட்டுப்போச்சு. கீழ இருக்கறவங்கள ஒவ்வொரு படி மேல ஏத்தி சரி பண்ணிட்டேன். டென்ஷன் வேண்டாம்.”

‘தேங்க்ஸ்’ என்று பதில் போட்டேன்.

தேங்க்ஸாம்.

ஜூலை 22, செவ்வாய்

ஷாகிர் பெயர் கொடுத்துவிட்டான். அவன் வைத்துக்கொண்ட இரண்டாவது பையன், நேற்று எட்டிலிருந்து ஏழுக்கு ஏறினவன். நல்ல பையன்தான். அவனை எட்டில் போட்டது நான்தானே.

ஜூலை 25, வெள்ளி

இசக்கிராஜின் பக்கத்தைத் திறந்தால் ‘இல்லை’ என்று வருகிறது.

பழைய ஆட்டங்களின் எழுத்தில் மட்டும் இன்னும் இருக்கிறான். திறந்து பார்த்தேன். நிற்கிறான், வேறு எவனோ எறிகிறான்.

ஜூலை 31, வியாழன்

அம்மா நாளைக்கு என்று நீலச் சுடிதாரை இஸ்திரி போட்டு வாங்கி வைத்திருக்கிறாள். “கடைக்குத்தானம்மா,” என்றேன். “கடைன்னா என்னட்டி, நாலு பேரு வர்ற எடம்,” என்றாள்.

அங்கே நாலு பேரும் பேசுவார்கள். நான் பில் போட்டால் போதும். பயப்பட ஒன்றுமில்லை. எதிர்பார்க்கவும் ஒன்றுமில்லை.

கௌசிக்குக்கு மெசேஜ் அனுப்பிவிட்டேன். அழிப்பதற்குள் அனுப்பிவிட வேண்டும் என்று அவசரமாக, ஆங்கிலத்தில். பதில் வரவில்லை. வராமலும் போகலாம். அனுப்பியதை இங்கே தமிழில் எழுதி வைக்கிறேன்.

‘கௌசிக், நாளையிலிருந்து எனக்கு வேலை. பட்டியலுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பேங்க் மாமா இல்லை. என் பெயர் மகேஸ்வரி, தாராவியில் இருக்கிறேன். அன்றைக்கு உங்கள் பக்கத்து மேஜையில் காப்பி குடித்தது நான்தான். இசக்கிராஜ் என் ஆள். அவனைத் திரும்பக் கேட்கவில்லை, அழித்தது அழித்ததுதான். ஷாகிரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். கடைசிப் பட்டியலில் ஏழாம் இடம் விட்டுப்போகவில்லை. நான் விட்டது. அதை மறுபடியும் காலியாக வைத்துவிடுங்கள்.’