சார்ஜ் மூடியை மறைத்த டயர்

கோல்ட்டன்,

அன்று மதியம் உன் அப்பா சூப்பைக் குடித்துவிட்டு, "லீனா, ரெண்டு போல்ட்தான் பாக்கி, முறுக்கிட்டு வந்துடறேன்" என்று எழுந்து போனார். நான் போய்ப் பார்த்தபோது வண்டிப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். உயிர் இல்லை. நீ அப்போது ஊரில் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

மின்சார பிக்கப்புக்கு ஸ்பேர் டயர் மாட்டும் சட்டத்தை அந்த மேதை முதலில் சார்ஜ் ஒயர் செருகும் மூடிக்கு நேராகவே பொருத்திவிட்டார். ஆயுள் முழுக்கப் பெட்ரோல் போட்ட கை அல்லவா! "சார்ஜ் ஏறாட்டி என்ன, பஞ்சருக்குப் பயமில்லையே" என்றார். பிறகு கழற்றி மறுபக்கம் மாற்றினார்.

"அதக் கழட்டி வித்துடும்மா, பஞ்சர் ஆனா போன் போட்டா ஆள் வரும்" என்று நேற்று கத்தினாய். வரும், வரும். நெவாடா பாலைவனம் முழுக்க உன் போனுக்காகவே கோபுரம் நட்டு வைத்திருக்கிறார்கள். ஒருவரைப் புதைத்தது எனக்குப் போதும். அப்பா வண்டியில் கிளம்புமுன் அந்த இரண்டு போல்ட்டையும் முறுக்கிவிட்டு, டயரோடு போ. ஸ்பேனர் மேசைமேல் இருக்கிறது. வழிக்கு வான்கோழி சாண்ட்விச் ஃப்ரிட்ஜில்.

அம்மா

மறந்துவிட்டேன்: அவர் சாவியை வைத்துக் கதவைத் திறந்தால், டிரைவர் இருக்கை இன்னும் அவருடைய நீளக் காலுக்குத் தகுந்தபடி தானாகப் பின்னால் நகர்கிறது.