ரிப்போர்ட் செய்தது யார்

லாபிஸ்,
19–9–1934

அன்புள்ள மகன் அமலதாசுக்கு அம்மா எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் அப்பாவும் நானும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், பினாங்கில் உன் இருமல் நின்றதா என்பதைப் பதிலில் முதல் வரியிலேயே எழுது. இங்கே மழை பிடித்துக்கொண்டது, மூன்று நாளாக ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. உன் கடிதம் கிடைத்தது. நான் தோட்டத்து லயத்துப் பெண்களோடு பழகுவது பற்றிப் "பேசப்படுகிறது" என்றும், அது அப்பாவின் ஆஸ்பத்திரி டிரஸர் உத்தியோகத்துக்கு ஏற்றதல்ல என்று "கருதப்படுகிறது" என்றும் எழுதியிருக்கிறாய். யார் பேசினார்கள், யார் கருதினார்கள் தம்பி? ஒன்றரை வருஷம் ஆபீசில் இங்கிலீஷ் கடிதங்களை நகல் எடுத்ததில் தமிழும் உனக்கு ஆளில்லாத பாஷையாகிவிட்டது. கருதியது நீதான் என்றால் நான் கருதுகிறேன் என்று எழுதியிருக்கலாம், நேராகச் சண்டையாவது போட்டிருப்பேன்.

அந்த இங்கிலீஷ் இங்கே என்ன செய்தது என்று கேள். போன வாரம் திங்கட்கிழமை பேச்சியம்மாள் கைக்குழந்தையோடு ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். பால் வெட்டுகிறவள், புருஷன் செத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. வேலையிலிருந்து நீக்கியாயிற்று, சனிக்கிழமைக்குள் லயத்து வீட்டைக் காலிசெய் என்று தோட்டத்து ஆபீஸ் கொடுத்த தாள் அது. எனக்கு இன்னும் முப்பத்தைந்துதான், கண்ணாடி இல்லாமலே வாசித்தேன். இட் இஸ் ரிப்போர்ட்டட் தட், அவள் ஆட்களைத் தூண்டிவிடுகிறாளாம். இட் இஸ் பிலீவ்ட் தட், அவளால் கலகம் வருமாம். வரி வரியாகத் தமிழில் சொன்னேன். யாரும்மா சொன்னாங்க, பேரு போடலியா என்று கேட்டாள். எழுத்தே தெரியாதவளுக்குத் தோன்றிய இந்தக் கேள்வி, மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிற ஒருவனுக்கும் தோன்றவில்லை பார்.

ஆபீசில் இந்தத் தாள்களை எழுதுகிற பெரிய கிராணி சதாசிவத்திடம் நானே போனேன். அவர் நாற்காலியை விட்டு எழாமலே, டிரஸரம்மா, அதெல்லாம் இங்கிலீஷ் மரியாதைங்க, பேரு போட்டா பட்டிக்காட்டுத்தனமா இருக்கும் என்றார். அது மரியாதை இல்லை கிராணியாரே, முக்காடு என்றேன். அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. முக்காட்டுக்குள்ள இருக்கிறது உங்க வீட்டுக்காரருதான், போய் அவரைக் கேளுங்க என்றார். வந்து கேட்டேன். அப்பா என் முகத்தைப் பார்க்காமலே நடந்ததைச் சொன்னார். லயத்துக் கிணற்றில் புழு நெளிகிறது, பிள்ளைகளுக்கெல்லாம் பேதி என்று பேச்சியம்மாள் மருந்துக்கு வந்தபோது சொல்லியிருக்கிறாள். இவர் கிராணியிடம் போய், தண்ணி கெட்டுப்போச்சுன்னு பேச்சி லயம் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரியுறா என்று சொல்லியிருக்கிறார். கிணறு கெட்டிருக்கிறது என்று தன் பெயரில் எழுத வேண்டியவர் டிரஸர். அதற்குத் தைரியமில்லை, அவள் வாயில் ஏற்றி அனுப்பினார். அது ரிப்போர்ட்டட் ஆகித் திரும்பிவந்து அவள் வீட்டைப் பிடுங்கிவிட்டது. அப்பாவைப் பற்றி மகனிடம் இப்படி எழுதுவது எனக்குப் பிடித்த காரியமல்ல. உத்தியோகத்தின் மரியாதையைப் பற்றி நீ எனக்குப் பாடம் எழுதியதால், அந்த மரியாதை எந்த நிலையில் கிடக்கிறது என்று சொல்கிறேன்.

சனிக்கிழமை அவளையும் குழந்தையையும் நம் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன். நேற்று அப்பாவுக்கும் ஒரு தாள் வந்தது. டிரஸர் வீட்டில் நீக்கப்பட்ட ஆள் தங்கியிருப்பதாக இட் இஸ் அண்டர்ஸ்டுட். அப்பா பேனாவை எடுத்து, பதிலுக்கு அவரும் இட் இஸ் என்றுதான் ஆரம்பித்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அடித்துவிட்டு, ஐ என்று எழுதினார். அப்புறம் பேனா நிற்கவில்லை, கிணற்றைப் பற்றி முக்கால் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தோட்டத்துத் துரையிடமிருந்து இன்னும் பதில் இல்லை. வேலை போனால் மூவாரில் உன் மாமா வீட்டுக்குத்தான் போகவேண்டும், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள். அப்பா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, ஆனால் என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாதே, ஈரச் சட்டையோடு ஆபீசில் உட்காராதே. இந்தக் கடிதத்தைச் சிநேகிதர்களுக்குக் காட்டாமல் பெட்டிக்குள் வை. தேவமாதா உன்னைக் கைவிடாமல் காப்பாற்றட்டும். டிசம்பர் லீவுக்கு வருவதானால் முன்கூட்டியே எழுது. உன் கட்டிலில் இப்போது பேச்சியம்மாளின் பிள்ளை தூங்குகிறான், உனக்குக் கூடத்தில் பாய் போட்டுவைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
கெர்ட்ரூட்