அக்கா திறக்காத மெஸ்

அக்கா,

இன்று காலை, நம் திட்டக்குடிப் பக்கத்து மங்களூரிலிருந்து வந்த விவசாயி ஒருவர் என் காய்கறி மண்டியில் மூட்டையைப் பிரித்து, ஒரு கத்தரிக்காயைக் கட்டைவிரலால் பிளந்து என் மூக்கருகே நீட்டினார். "மோந்து பாருங்க மொதலாளி, வெடியக்காலம் பறிச்சது." பச்சை வாசனை குப்பென்று ஏறியது. விலை சொல்ல வேண்டிய நேரத்தில் நான் அந்தக் காயையே முகர்ந்துகொண்டு நின்றேன். விலையைக் குறைக்கத்தான் யோசிக்கிறேன் என்று நினைத்து, அந்த மனுஷர் தானாகவே இறங்கி வந்தார். காயின் தரம் தெரிந்தவன் என்று இந்த ஊரில் எனக்கு ஒரு பெயர். அது சும்மா வந்த பெயர் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

உன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட அத்தனை வருடமும் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். ரொம்பத் தாமதம்தான்.

எண்பதுகளின் கடைசியில், மாமா வேறு ஒருத்தியோடு போய்விட்ட பிறகு, திட்டக்குடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு நீ வந்தாய். நான் அப்போது தனிக்கட்டை. மண்டி ஆரம்பித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. குனிந்து பெட்டியை வாங்கி உள்ளே வைத்தேன். நீதான் சிரித்தாய். "உனக்குப் பொங்கிப் போட ஆளு இல்ல, எனக்குப் பொங்கறதுக்கு வூடு இல்ல. சரியாப் போச்சு, அரிசி எங்க இருக்குது?"

முதல் மாதம் விற்காமல் தங்கிய காயைத்தான் வீட்டுக்கு அனுப்பினேன். சொத்தைக் கத்தரி, முற்றின வெண்டை, வாடின முருங்கை. எல்லா மண்டிக்காரனும் செய்வது அதுதான். நீ முற்றின வெண்டைக்காயை எண்ணெயில் சுருள வதக்கிப் புளி விட்டுக் குழம்பாக்கினாய். பீர்க்கங்காய்த் தோலைத் துவையலாக்கினாய். ஒரு நாள் மட்டும் தட்டை வைத்துவிட்டுக் கேட்டாய்.

"வாடுனத எனக்கு அனுப்புற. நல்லத ஊருக்கு விக்கிற. எது நல்லதுன்னு உனக்கு எப்டிடா தெரியும்?"

மறுநாளிலிருந்து ஒவ்வொரு விவசாயி மூட்டையிலும் கைப்பிடிக் காய் எடுத்துத் தனித்தனியாக முடிந்து உன்னிடம் அனுப்பினேன். அதற்கு நீ ஒரு வழி வைத்திருந்தாய். ஒரே குழம்புதான், ஆனால் கம்மாபுரத்துக் காயை நீளமாக, மங்களூர்க் காயை வட்டமாக, ஆற்றோரத்துக் கொல்லைக் காயைக் காம்போடு நாலாகக் கீறிப் போடுவாய். மத்தியானம் தட்டில் தீர்ப்பு வரும். "நீளமா இருக்குதே, அது வெறும் தண்ணி. வட்டம் கசக்குது, ரெண்டு நாளு வுடு. காம்புக் காய எவ்ளோ வந்தாலும் எடுத்துக்க." நான் எடுத்துக்கொண்டேன். கத்தரிக்காய் என்றால் அவன் மண்டிதான் என்று ஊர் சொல்ல ஆரம்பித்தது. அந்த நாக்கு என்னுடையது என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் யாரையும் திருத்தவில்லை.

மார்கழியில் பச்சை மொச்சை, தையில் பரங்கிக்காயும் அவரையும், கோடையில் பச்சை முந்திரிக்கொட்டை. கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உரிப்பாய். அப்படியும் அந்தப் பால் பட்டு விரல் நுனி தோலுரிந்து கிடக்கும். முருங்கைக்காயோடு அதைக் குழம்பு வைத்த அன்று பக்கத்துக் குடித்தனத்து செல்வி எட்டிப் பார்த்தாள். பீங்கான் கம்பெனியில் பொம்மைக்கு வர்ணம் பூசும் பெண். ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு போனவள் மறுநாள் நாலு பேரோடு வந்தாள்.

"யக்கா, டப்பாவுல காலையில கட்டுன சோறு, மத்தியானம் ஊசிப்போவுது. நீ பொங்கிப் போடு, நாங்க காசு குடுக்குறோம்."

"போங்கடி, நான் என்னா மெஸ்ஸா வச்சிருக்கேன்?"

"வையேன்!"

அந்தச் சொல் உன்னை விடவில்லை. பத்து நாளில் இடமே பார்த்துவிட்டாய். கம்பெனிகள் இருக்கும் சாலையில் அந்தோணி அண்ணனுடைய ஓட்டு அறை, களிமண் மூட்டை அடுக்கி வைத்திருந்து காலியானது. செல்வியிடம் சொல்லி, சூளையில் கோணிப்போனதென்று ஒதுக்கிய பீங்கான் தட்டு இருபது வாங்கி வந்து புளி போட்டுத் தேய்த்தாய். அன்று சாயங்காலம் நீ பேசியது போல ஒருநாளும் நீ பேசி நான் கேட்டதில்லை.

"சாம்பாரு, ரசம்னு எழுதி மாட்டுறதில்லடா. அன்னைக்கு என்னா காய் வந்துருக்குதோ அத மட்டும் பலகையில எழுதணும்."

"யாரு எழுதுறது?"

"நீதான். உன் எழுத்துதான் முத்து முத்தா இருக்கும்."

சிரித்துக்கொண்டே "பாக்கலாம்" என்றேன். மறுநாள் பத்து மணிக்கு அந்தோணி அண்ணன் கடைக்குப் போனேன்.

"அண்ணே, எங்க அக்கா வந்து கேட்டுச்சாமே. அதுக்கு ஒடம்பு முடியாது. ரூமு வேற ஆளுக்குப் பேசியாச்சுன்னு சொல்லிடுங்க."

"நல்லாத்தானப்பா இருந்துச்சு?"

"நான் சொல்றேன் இல்ல?"

அவரிடம் மானப் பிரச்சினை என்றும் சொல்லிவைத்தேன். மண்டிக்காரன் அக்கா ஊருக்குச் சோறு போடுவதா என்று. பல வருடம் நானே அதை நம்பினேன். உண்மை அது இல்லை, அக்கா. நீ அடுப்பை அங்கே கொண்டுபோனால் எனக்கு மத்தியானச் சாப்பாடு போய்விடும், தீர்ப்பு போய்விடும். இன்னும் சொல்கிறேன்: எந்தக் காய் நல்லது என்று சொல்லும் நாக்கு யாருடையது என்று ஊருக்கே தெரிந்துவிடும். இதுதான் காரணம். வேறு இல்லை.

நீ அந்த அறையை முடிவு செய்யப் போய்த் திரும்பிய அன்று வழக்கம்போல அடுப்பை மூட்டினாய். மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்புதான். தட்டைப் பார்த்தேன். எல்லாக் காயும் ஒரே மாதிரி நறுக்கியிருந்தது. மூன்று முடிச்சும் ஒரே குவியல், எது எந்த ஊர் என்று பிரிக்க வழியில்லை.

"எந்தக் காய் நல்லாருக்குதுக்கா?"

"எல்லாமே நல்லாத்தான் இருக்குதுடா."

நான் வந்து தடுத்ததை அந்தோணி அண்ணன் உன்னிடமே சொல்லிவிட்டார் என்று அந்த நிமிடமே புரிந்தது. அன்றைக்குப் பிறகு நீ எந்தக் காயையும் குறை சொன்னதில்லை. உப்பு குறையவில்லை, காரம் கூடவில்லை, நேரத்துக்குச் சாப்பாடு. எனக்குக் கல்யாணம் ஆகி, என் மனைவிக்கும் அதே கைப்பக்குவத்தைச் சொல்லிக்கொடுத்தாய். தீர்ப்பு மட்டும் நின்றுபோனது. நீ வைத்துக் காட்டிய வழியிலேயே மண்டி ஓடியது.

நாலைந்து வருடம் கழித்து அந்தோணி அண்ணனே மண்டிக்கு வந்தார். "ரூமு மறுபடி காலியா இருக்குதுப்பா. உங்க அக்காவுக்கு இன்னும் ஆசை இருக்குதான்னு கேளேன்." முதல் தடவை செய்ததையாவது அவசரத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு எதைச் சொல்வது? உன்னிடம் கேட்கவில்லை. வெங்காயம் அடுக்க இடம் போதாமல் இருந்தது. அங்கேயே அட்வான்ஸ் கொடுத்து அந்த அறையை நானே எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அந்த அறையில் லாரிச் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது, சாப்பிட வீட்டுக்கு வர முடியவில்லை. நீயே தூக்குவாளியோடு வந்துவிட்டாய். வாசற்படியில் நின்று உள்ளே பார்த்தாய். வெங்காய மூட்டைகள் கூரை வரைக்கும். அவ்வளவு நேரம் எதைப் பார்த்தாய் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. தலையில் சருகு ஒட்டியிருக்க, கணக்கில்லாமல் வேர்த்து நின்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு சொன்னாய்.

"வெங்காயத்துக்குத்தான்டா தோதான எடம். அடுப்பு வச்சிருந்தா பொகை அடைஞ்சிருக்கும். மெஸ்ஸுக்கு ஒத்தே வந்திருக்காது."

அந்த அறையில் எதிரெதிராக இரண்டு சன்னல். ஓட்டுக்கு நடுவில், புகை போகவென்றே விட்டாற்போல ஒரு திறப்பு. பத்து அடுப்பு எரித்தாலும் கண் கரிக்காது. எனக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். நான் தலைநிமிர்ந்து சாப்பிட வேண்டும் என்பதற்காக நீ அப்படிச் சொன்னாய்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீ கொடுத்ததை எப்போதும் போல வாங்கிக்கொண்டேன். "ஆமாக்கா" என்று சொல்லிவிட்டு, மூட்டைமேல் உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.