கழற்றி வைத்த திரை

ஜனவரி 8, செவ்வாய்

கணினித் திரை மறுபடியும் நடுங்குகிறது. சர்க்யூட் போர்டு வரையும் மென்பொருளில் படத்தைப் பெரிதாக்கினால் செம்புத் தடங்கள் மறைகின்றன; சிறிதாக்கினால் திரும்பி வருகின்றன. கணினியா, என் கண்ணா? நோரீனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எனக்கும்தான் நடுங்குது. உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு, போ" என்றாள். ஆனால் ஆறுதலுக்காகப் பொய் சொல்லக்கூடியவள் என் மனைவி.

பனித்தளத்தில் கல்லைத் தள்ளி ஆடும் கர்லிங் கிளப்பின் மாடிக் கூடத்து அபாயச் சங்கு பழுதாகிவிட்டது. பனித்தளத்தை உறைய வைக்கும் இயந்திரத்தில் அம்மோனியா நச்சுவாயு கசிந்தால் மாடியில் இருப்பவர்களை எச்சரிப்பது அது ஒன்றுதான். செய்த கம்பெனியும் மூடிப்போயிற்று. ஓய்வுபெற்ற பொறியாளன் ஒருவன் சும்மா இருக்கிறான் என்று, புதிதாக ஒன்று செய்யும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். நோரீன் வியாழன்தோறும் அங்கேதான் ஆடுகிறாள்.

ஜனவரி 9, புதன்

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுவது என் வழக்கம். முதலில் கேபிள்: பயனில்லை. பிறகு திரையை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தேன்: இன்னும் மோசம். கடைசியில் கணினியோடு இணைத்திருந்த இரண்டாவது திரையைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். நடுக்கம் நின்றது!

ஜனவரி 11, வெள்ளி

போர்டில் எல்லா இணைப்பும் சரியா என்று பார்க்கும் மென்பொருள் சோதனையை ஓட்டினேன். பிழை என்று எதுவும் வரவில்லை. நம்பாமல் மறுபடி ஓட்டினேன். அப்போதும் ஒன்றும் வரவில்லை. போர்டு செய்பவர்களுக்குக் கோப்புகளை அனுப்பிவிட்டேன்.  

ஜனவரி 22, செவ்வாய்

புதுப் போர்டு வைத்த சங்குப் பெட்டியை மாடியில் மாட்டியாயிற்று. பனித்தளத்தைப் பராமரிக்கும் டெல்மர் ஏணிக்குக் கீழே சுவரிலிருந்த சோதனைப் பொத்தானை அழுத்தினான். சங்கு அலறியது. "யோவ் எவரெட், செத்தவனே எழுந்து ஓடிருவான்யா!" என்று கத்தினான்.

ஜனவரி 23, புதன்

காலையில் இரண்டாவது திரையைத் திரும்ப மாட்டினேன். நடுக்கம் வருகிறதா என்று பார்க்க மட்டுமே சோதனையை ஓட்டினேன். சோதனை முடிவைக் காட்டும் சாளரம் அந்தத் திரையில் திறந்தது. எப்போதும் அது அங்கேதான் திறக்கும். 11ஆம் தேதி ஓட்டியபோதும் அங்கேதான் திறந்திருக்கிறது — இல்லாத திரையில்.

"ஓர் இணைப்பு முழுமையடையவில்லை." சங்கின் தரை இணைப்பு, மின்சாரம் திரும்பிப் போகும் வழி.

என்ன செஞ்சு வச்சிருக்கேன் நான்?

அப்படியானால் நேற்று எப்படி அடித்தது? மிச்சமிருந்த போர்டில் ஒரு சிறு சங்கை இணைத்து மேசையில் வைத்துப் பார்த்தேன்: சத்தமே இல்லை. மாடியில் மாட்டியது போன்ற இரும்புப் பெட்டியில் வைத்து ஒவ்வொரு திருகாகக் கழற்றிப் பார்த்ததில் புரிந்தது. மூன்றாவது திருகு செம்பைத் தொடுகிறது. விட்டுப்போன கம்பியின் வேலையைப் பெட்டியே செய்கிறது. இயந்திர அதிர்வில் அந்தத் திருகு எத்தனை நாள் தாங்கும்?

சனிக்கிழமை போட்டி. மாடியில் அறுபது பேர் இருப்பார்கள்.

சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? அடிக்கிறதே. சாப்பாடு இறங்கவில்லை.

ஜனவரி 24, வியாழன்

கிளப்புக்குப் போய் டெல்மரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"அதான் அடிக்குதுல்ல? அப்புறம் எதுக்குய்யா நோண்டுற?" என்றான் டெல்மர். ஏணியில் ஏறி மூன்றாவது திருகைக் கழற்றிவிட்டு இறங்கினேன். "இப்ப அழுத்து." அழுத்தினான். கீழே இயந்திரம் உறுமுவது மட்டும் கேட்டது. அவன் முகம் வெளுத்துவிட்டது.

ஷூ மாட்டிக்கொண்டிருந்த நோரீன் நிமிர்ந்தாள். "நேத்து சாப்பிடாம கெடந்தது இதுக்குத்தானா? என்கிட்டயாவது சொல்லக்கூடாதா?"

டெல்மர் பெருமூச்சு விட்டான். "சரி, மறுபடி ஏறு. ஏணியை நான் புடிச்சுக்கறேன். நீ விழுந்துட்டா வேற ஆளு கெடைக்காது."

ஒரு கம்பியைப் பற்றவைத்தேன். திருகு இல்லாமலே சங்கு அலறியது. அதன் பிறகுதான் திருகைப் போட்டு முடுக்கினேன்.

பிப்ரவரி 21, வியாழன்

மாடியில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். டெல்மர் வந்து என் உள்ளங்கையில் எதையோ வைத்தான். சிறு திருகு.

"பெருக்கும்போது கெடந்துச்சு. உன் பெட்டியோடதுதானே? எப்ப விழுந்துச்சோ."

காலையில் சங்கைச் சோதனை செய்தாயா என்று கேட்டேன்.

"செஞ்சேனே. காது கிழிஞ்சுது."

மாடி ஜன்னல் கண்ணாடிக்குக் கீழே, பனித்தளத்தில் நோரீன் குனிந்து கல்லைத் தள்ளினாள். அந்தக் கல் நின்ற பிறகுதான், திருகைத் திரும்பப் போட நான் ஏணியை எடுக்கப் போனேன்.