நெட்டிக் கணவாயில் நிறுத்தப்பட்ட மருத்துவர் பற்றி ஆழிமுனை அரசியார்க்கு

நலம் தழைக்க. ஏழு துறைமுகங்களுக்கும் உரியவரும், புயல் நாளிலும் விளக்கணையாத கலங்கரை கொண்டவரும், அண்டை நாட்டார் கேட்குமுன் கொடுக்கும் கையினருமாகிய ஆழிமுனைப் பெருந்தேவியார் வலம்புரி நங்கையாரின் திருமுன்னர், மஞ்சுமலை வேந்தர் நெடுங்கோவின் தலைமை அமைச்சன் அழிசி தலை வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் கடலில் மீன் மிகுக. தங்கள் உப்பளங்களில் வெயில் நிலைக்க. தங்கள் மக்கள் நோயின்றி வாழ்க.

தங்கள் அரண்மனை மருத்துவர் அல்லியங்கோதையார் எம் எல்லை வாயிலில் இரண்டு நாள் நிறுத்தி வைக்கப்பட்டது யாது காரணத்தால் என்று வினவித் தாங்கள் விடுத்த ஓலைக்கு இது மறுமொழி. தன் குற்றத்தை எழுத நேர்ந்த அதிகாரி தன்னைப் பிறன்போல் படர்க்கையில் எழுதவேண்டும் என்பது எம் நாட்டு மரபு. ஆகவே இதில் அமைச்சன் என்று வருமிடமெல்லாம் எழுதுகின்ற அழிசியே என்று கொள்க. ஏனையோர் சொன்ன சொற்கள், வாக்குமூலத்தில் உள்ளபடியே, அவர்தம் பேச்சிலேயே தரப்படுகின்றன.

நெட்டிக் கணவாய் வாயிலில் ஒரு கணினி உண்டு. அயல்நாட்டார் தம் நுழைவுச்சீட்டையும், அரசு அதிகாரிகள் தம் பதவி அட்டையையும் அதன்முன் காட்டவேண்டும். திரை பச்சையானால் வழிவிடலாம், சிவப்பானால் நிறுத்தவேண்டும். அக்கணினியை நடத்தும் இயங்குதளத்தை அயல்தேச வணிகக் குழு ஒன்றிடமிருந்து வேந்தர் பெற்றார். வந்த நாள் முதலே அது எம்மவரைப் பாடாய்ப் படுத்தியது. நேற்று இடப்பக்கம் இருந்த பொத்தான் இன்று வலப்பக்கம் போகும். அச்சுப்பொறி அருகிலேயே இருக்க, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதிக்கும். ஒருமுறை மழையில் ஒரு மணமகள் கூட்டம் முழுதும் நனைந்து நிற்க, புதுப்பித்தல் நடைபெறுகிறது, அணைக்கவேண்டாம் என்று திரையில் எழுதிவிட்டு அரைப்பகல் அசையாதிருந்தது. ஏனையோர் தலையில் அடித்துக்கொண்டு, பின் மறந்தார்கள். அமைச்சன் மறக்கவில்லை. கேளாமல் தானே மாறுகிற பொருளுக்குள் யாரோ ஒருவன் கை இருக்கவேண்டும் என்று அவன் எண்ணினான். வணிகக் குழுவை ஐயுற்றான். பிறகு, பொறுத்தருள்க, தங்கள் நாட்டையும் ஐயுற்றான். இறுதியில் வாயிலில் இருக்கும் தன் ஆட்களையே ஐயுற்றான்.

ஆகவே மூன்று ஆணைகள் பிறந்தன. வாயிற் கணினியை வெளியுலகோடு இணைக்கும் இணையத் தொடர்பு துண்டிக்கப்பட்டது. அதன் அமைப்பை மாற்றும் கடவுச்சொல் எல்லா அதிகாரிகளிடமிருந்தும் பறிக்கப்பட்டு, அமைச்சன் ஒருவனிடமே தங்கியது. மூன்றாவது, கணினி பிழை செய்கிறது என்று சொல்பவன் தன் பிழையை மறைக்கிறான் எனக் கொண்டு விசாரிக்கப்படுவான் என்பது.

மூன்றாம் ஆணைக்கு முதலில் அகப்பட்டவன் மூவன் என்பவன், அந்நாளில் வாயிலதிகாரி. தொடர்பு துண்டிக்கப்படுமுன் நடந்த கடைசிப் புதுப்பித்தலில் பதிவேட்டிலிருந்து நாற்பது பெயர்கள் காணாமற்போயின என்று அவன் நேர்மையாக எழுதினான். பெயர்களை அவனே அழித்திருப்பான் என்று அமைச்சன் முடிவு கட்டி, அவனைக் கோட்டைச் சிறையில் வைத்தான். சான்று ஏதும் கிடைக்கவில்லை. சான்றே இல்லாதபடி அழித்திருக்கிறானே, எத்துணைக் கைதேர்ந்தவன் என்று அதையும் அவன்மேலேயே ஏற்றினான். மூவனுக்குப் பின் அவ்விடத்துக்கு வந்தவன் எயினன்; பேச்சுக் குறைந்தவன், தன் நிழலுக்கும் வணக்கம் சொல்பவன் என்று உடன் வேலை செய்வோர் சொல்வர்.

இந்நிலையில் மூங்கிலடி என்னும் மலைச்சிற்றூரில் பிள்ளைகளுக்குத் தொண்டை அடைக்கும் நோய் கண்டது. பதினொரு பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். எம் வேந்தர் வேண்ட, தாங்கள் ஒருநாள்கூடத் தாமதியாமல் அல்லியங்கோதையாரைப் பனிக்கட்டியிட்ட மருந்துப்பெட்டியோடு அனுப்பினீர்கள். ஆவணித் திங்கள் பன்னிரண்டாம் நாள் காலையில் அவர் வாயிலுக்கு வந்தார். முந்தைய நாள் இடிமழையில் வாயில் முழுதும் மின்சாரம் போய், விடிந்த பிறகே வந்திருந்தது. எயினன் அவருடைய சீட்டைக் கணினிக்குக் காட்டினான். திரை சிவந்தது. இச்சீட்டு இன்னும் நடப்புக்கு வரவில்லை என்று எழுதிற்று. எட்டு நாளைக்கு முன் தங்கள் முத்திரையும் எம் வேந்தர் முத்திரையும் பெற்ற சீட்டு அது.

எயினன் அவரைக் காத்திருப்பு அறையில் அமர்த்தி, வணிகக் குழுவின் உதவிக்கூடத்தைத் தொலைபேசியில் அழைத்தான். கணினியை அணைத்து மீண்டும் இயக்கிப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். பார்த்தான், சிவப்பு. மீண்டும் அழைக்க, வேறொரு குரல், முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டு, அணைத்து மீண்டும் இயக்குங்கள் என்றது. மூன்றாம் முறை, இயங்குதளத்தையே அழித்துப் புதிதாக நிறுவலாம், பதிவேடு முழுதும் போய்விடும், சம்மதமா என்றார்கள். நாற்பது பெயருக்கே ஒருவன் சிறையில் இருப்பதை எயினன் எண்ணினான். சம்மதமில்லை என்றான். உங்கள் முறையீட்டுக்கு எண் தந்திருக்கிறோம், ஐந்து வேலைநாள் பொறுத்திருங்கள் என்று தொடர்பை வைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை மூங்கிலடிச் செவிலி, மருந்து ஏன் வரவில்லை என்று பார்க்க ஓட்டமும் நடையுமாக இறங்கி வந்தாள். பதினொன்றில் ஒரு பிள்ளை போய்விட்டது என்று வாயிலில் நின்று சொன்னாள். தும்பி என்று பெயர், ஐந்து வயதுப் பெண். அல்லியங்கோதையார் எழுந்து எயினனிடம் வந்தார்.

"தம்பி, என்னை நம்ப வேண்டாம். பெட்டிய மட்டும் விடு. நடுப்பகலுக்கு மேல ஐஸ் நிக்காது."

எயினன் ஆணை எழுதிய தாளை எடுத்து ஒருமுறை முழுதும் படித்தான் என்றும், ஆளை நிறுத்து என்றே அதில் இருந்தது, பெட்டியைப் பற்றி ஒன்றும் இல்லை என்றும் வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறான். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு என்று மருத்துவர் ஒரு தாளில் எழுதித்தர, செவிலி பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மலையேறினாள். வாயில் காவலன் ஒருவன் அன்றே தலைநகருக்குச் செய்தி சொன்னான்: ஐயத்தின்பேரில் நிறுத்தப்பட்ட அயல்நாட்டாரின் பெட்டியை அதிகாரி ஊருக்குள் விட்டுவிட்டான் என்று.

அமைச்சனுக்கு எல்லாம் பொருந்தி வந்தது. பொய்ச்சீட்டு, பெட்டி, துணைபோன அதிகாரி. எயினனைத் தன் கையாலேயே பிடித்துச் செல்வது என்று பதினான்காம் நாள் காலை, இரண்டு காவலரோடு வண்டியேறி வாயிலுக்கு வந்து சேர்ந்தான். உள்ளே நுழையுமுன், ஆணை இட்டவனே அதன்படி நடப்பதைக் காவலர் காணட்டும் என்று பெருமிதத்தோடு தன் பதவி அட்டையைக் கணினிமுன் நீட்டினான். அது சித்திரையில் புதுப்பித்த அட்டை. திரை சிவந்தது.

அமைச்சன் அட்டையைத் துடைத்து மீண்டும் காட்டினான். மீண்டும் சிவப்பு. எயினன் எழுந்து நின்றான். அவன் முகம் வெளிறியிருந்தது. குரல் மட்டும் தணிந்து, ஒழுங்காக வந்தது.

"ஐயா மன்னிக்கணும். ஆணைப்படி நீங்களும் உள்ள உக்காரணும்."

காவலர் அமைச்சனைப் பார்த்தார்கள். அமைச்சன் எயினனைப் பார்த்தான். இதுவும் சதியின் ஒரு பகுதியோ என்று ஒரு கணம் தோன்றியதை மறைக்கவில்லை. ஆயினும் ஆணையில் இருப்பது அவனுடைய சொந்தக் கையெழுத்து. காத்திருப்பு அறைக்குள் போய், அல்லியங்கோதையாருக்கு எதிரே இருந்த பலகையில் அமர்ந்தான். அவர் தம் தண்ணீர்க் குடுவையை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அங்கிருந்தே அமைச்சன் உதவிக்கூடத்தை அழைத்தான். நெடுநேரம் வீணையிசை கேட்டது. பின் ஒரு குரல், அணைத்து மீண்டும் இயக்கினீர்களா என்றது. தான் இந்நாட்டின் தலைமை அமைச்சன் என்று சொன்னான். நல்லது ஐயா, அணைத்து மீண்டும் இயக்கினீர்களா என்றது குரல். அக்குரலில் பகையோ சூழ்ச்சியோ இல்லை என்பதுதான் அவனை உலுக்கியது. எதிரே இருந்தவருக்கு இந்நாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளும் விருப்பமும் இல்லை. ஓராண்டாக அமைச்சன் யாரோ ஒருவனின் கையைத் தேடிக்கொண்டிருந்தான். அங்கே கையே இல்லை.

அப்போது அல்லியங்கோதையார் கேட்டார்.

"ஏன் ஐயா, அந்தத் திரையோட மூலையில ஆறு வருஷத்துக்கு முந்தின தைமாசம்னு போட்டிருக்கே, உங்க ஊர்ல அப்படித்தான் எழுதுவீங்களா?"

அமைச்சன் எழுந்து போய்ப் பார்த்தான். இருந்தது. இடிமழையில் மின்சாரம் போனபோது கணினி தன் நாளை மறந்து, ஆறாண்டு பின்னே போய் நின்றிருந்தது. அதன் கணக்கில் தங்கள் முத்திரையும் அமைச்சனின் அட்டையும் இன்னும் பிறக்கவே இல்லை. வெளித்தொடர்பு இருந்திருந்தால் சரியான நாளைத் தானே கேட்டுத் திருத்திக்கொண்டிருக்கும். அதைத் துண்டித்தவன் அமைச்சன்.

"இது உனக்குத் தெரியுமா?" என்று எயினனைக் கேட்டான்.

"தெரியும் ஐயா. முதல் நாளே பாத்துட்டேன்."

"ஏன் திருத்தவில்லை?"

"கடவுச்சொல் உங்ககிட்ட இருக்குது."

"எனக்கு ஏன் சொல்லவில்லை?"

எயினன் மறைக்காமல் சொன்னான்.

"மூவன் உங்ககிட்ட சொன்னாரு. ஏழு மாசமா அவரு சம்சாரம் என் வீட்டு வழியாத்தான் கோட்டைக்குச் சோறு கொண்டுபோகுது. எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க ஐயா. பயந்துட்டேன். அந்தப் பொண்ணு போனப்புறம்தான் பயம் விட்டுப்போச்சு."

அமைச்சன் கணினிமுன் அமர்ந்து கடவுச்சொல்லை இட்டான். தவறு என்றது. மீண்டும் இட்டான். தவறு என்றது, இன்னும் ஒருமுறை தவறினால் பூட்டிக்கொள்வேன் என்றும் எச்சரித்தது. விசைப்பலகை வேறு மொழிக்கு மாறியிருப்பதை எயினன் சுட்டிக்காட்டி, மெல்லத் தானே திருத்தி வைத்தான். மூன்றாம் முறை திறந்தது. நாளைத் திருத்தியதும் அல்லியங்கோதையாரின் சீட்டுக்குத் திரை பச்சையாயிற்று. கணினியின் வயிற்றில் நாளை நினைவில் வைக்கும் பொத்தான் அளவு மின்கலம் ஒன்று செத்துப்போயிருந்தது. வாயிலுக்கு வெளியே கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவரிடமிருந்து அதுபோல் ஒன்று வாங்கிப் பொருத்தினார்கள். எல்லாம் முடிய ஒரு நாழிகைகூட ஆகவில்லை.

அன்றே அல்லியங்கோதையாரோடு அமைச்சனும் மூங்கிலடிக்கு ஏறினான். செவிலி மருந்தைத் தாளில் இருந்தபடியே தந்திருந்தாள். பத்துப் பிள்ளைகளுக்கும் மூச்சு சீராகியிருந்தது. இருவர் கஞ்சி கேட்டு அழுதார்கள். வழியில் அமைச்சன் மருத்துவரிடம், முதல் நாளே விட்டிருந்தால் தும்பி பிழைத்திருப்பாளா என்று கேட்டான். அவர் நடையை நிறுத்தவில்லை. "தெரியாது. ஆனா நான் பக்கத்துல இருந்திருப்பேன்" என்றார்.

தும்பியின் தாய் மருதி வாசலில் நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்தாள். வேலையை நிறுத்தாமலே கேட்டாள்.

"ஐயா, அந்த மருந்து அன்னைக்கே கணவாய் வாசலுக்கு வந்திருச்சுன்னு சொல்றாங்க. மெய்தானா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்பது அமைச்சனின் நாவில் இருபதாண்டாகப் பழகிய சொல். அது வந்தது, அவன் அதை விழுங்கினான்.

"மெய்தான் அம்மா. காலையிலேயே வந்துவிட்டது. நான் போட்ட ஆணைதான் நிறுத்தி வைத்தது."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு நெல்லை முறத்தில் அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அமைச்சன் வாசலிலேயே நின்றான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.

பெருந்தேவியாரே, தங்கள் மருத்துவருக்கு நேர்ந்த இழிவுக்கு மஞ்சுமலை வேந்தர் தம் வாயாலேயே வருத்தம் தெரிவிக்கச் சொன்னார். அமைச்சன் தன் சார்பிலும் தெரிவிக்கிறான். அல்லியங்கோதையார் பிள்ளைகள் தேறும்வரை மூங்கிலடியில் தாமே விரும்பித் தங்கியிருக்கிறார். அமைச்சன் தன் பதவி முத்திரையை வேந்தர்முன் வைத்தான். வேந்தர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. முடிச்சைப் போட்ட நீயே அவிழ்த்துவிட்டு வா, அதுவரை வைத்திரு என்றார். இயங்குதளம் விற்ற குழுவின்மீது அமைச்சனுக்கு இன்னும் ஐயம் உண்டு. பழகிய குணம் ஓர் ஆவணியில் போய்விடாது. ஆனால் அந்த ஐயத்தின் சுமையை இனி வாயிலில் நிற்பவர் தலையில் அவன் ஏற்றமாட்டான்.

வேந்தர் வாய்மொழிந்து அருளிய ஆணை வருமாறு. கணினி பிழை செய்கிறது என்று சொல்பவனை விசாரிக்கும் ஆணை இன்றோடு அழிந்தது; இனி அப்படிச் சொல்பவனின் சொல் முதலில் கேட்கப்படும், கணினியின் சொல் பிறகு. ஒவ்வொரு வாயிலிலும் கடவுச்சொல் அங்குள்ள இருவரிடம் இருக்கும். நோய்க்கு மருந்தோடு வருபவரைத் திரை எந்நிறம் காட்டினும் நிறுத்தலாகாது. எயினன் அவ்வாயிலிலேயே அதிகாரியாக நீடிப்பான். மூவன் குற்றமற்றவன், அமைச்சன் தானே கோட்டைக்குச் சென்று, சாவியைத் தன் கையால் திருப்பி, அவனை அவன் மனைவியிடம் சேர்க்கவேண்டும்.

கடைசியாகச் சொன்னது நேற்று நிறைவேறியது. மூவன் வெளியே வந்தான். மனைவி கொண்டுவந்த சோற்றுத் தூக்கைக் கையில் வாங்கிக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி அவளோடு நடந்து போனான்.

இவ்வண்ணம் மஞ்சுமலைக் கோட்டையில், ஆவணித் திங்கள் இருபத்திரண்டாம் நாள், வேந்தர் கேட்டிருக்க எழுதி முடித்து, மூன்று முடிச்சிட்டு அரக்கில் மலைமுத்திரை பதித்தது. படித்தறிக, நம்மிரு நாட்டு வழி திறந்திருக்க.

அமைச்சன் அழிசி கையொப்பம்.