மூன்று முழத்திற்குக் குறையலாகாது

மழைவளம் குன்றாத தென்முகில் நாட்டு அரசி இளவெயினித் தேவியாரின் திருவாணை தாங்கும் பேரமைச்சர் அரும்பொறையன், செங்கழனி ஏரிக்குக் காவல் பூண்ட வாரியத் தலைவர் கண்டன் வேளார் அறிய விடுத்த ஓலை. உம் கரை நிலைக்க; கரைக்குக் கீழே வாழும் முந்நூறு குடிகளும் நிலைக்க.

நேற்று வந்த உம் ஓலை கண்டோம். நீர்மட்டத்துக்கும் கரையுச்சிக்கும் இடைவெளி ஒரு முழமே உள்ளதென்றும், அது மூன்று முழத்தை மிஞ்சாதபடியால் எம் ஆணை பழுதின்றிக் காக்கப்பட்டதென்றும் பெருமிதத்தோடு எழுதியிருந்தீர். பிழை உம்முடையதன்று, எம்முடையது.

கரையின் உயரம் பன்னிரண்டு முழம். நீர் ஒன்பது முழத்தை மிஞ்சலாகாது என்பதே தேவியார் அருளியது. தலைநகரில் நாங்கள் தரையிலிருந்து மேல்நோக்கி அளப்போம். உம் ஊரிலோ கல் கட்டிய கயிற்றைக் கரையுச்சியிலிருந்து கீழே நீர்மட்டம்வரை விட்டு அளப்பது வழக்கம். உமக்கு எளிதாகட்டுமென்று பன்னிரண்டில் ஒன்பதைக் கழித்து மூன்று என்று எழுதினோம். எண்ணை மாற்றிய யாம் ‘மிஞ்சலாகாது’ என்பதை மாற்றாது விட்டோம். நீர் எட்டு முழமாய் இறங்கினால் இடைவெளி நான்காய் ஏறும். பத்தாய் ஏறினால் இரண்டாய்ச் சுருங்கும். ஆகவே இடைவெளி மூன்று முழத்திற்குக் குறையலாகாது என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்! நாற்பதாண்டு கணக்குப் பழகிய கை, ஓர் எண்ணை இட்டுச் சரிபார்க்கச் சோம்பிவிட்டது. வெட்கப்படுகிறோம்.

அளவுகாரி சிறுநங்கை, கரை தாங்காது, மதகைத் திறவுங்கள் என்று மும்முறை முறையிட்டாளென்றும், எவரும் கேளாமையால் தானே திறக்க முற்பட்டாளென்றும், ஆணை மீறியவளென்று அவளைக் காவலில் வைத்தீரென்றும் உம் ஓலையின் கடைசி வரியில் கண்டோம். நீர் எம் சொல்லைக் காத்தீர். தேவியாரின் கருத்தைக் காக்க முயன்றவள் அவள் ஒருத்தியே.

ஆகவே இவ்வோலை கண்ட கணமே மூன்று மதகுகளையும் திறந்துவிடுக. வயல் மூழ்குமே என்று தயங்கற்க. நெல்லை மறுபடி விதைத்துக்கொள்ளலாம். சிறுநங்கையை விடுவித்து, அளவுக்கயிற்றை அவள் கையில் கொடுத்து, மூன்று முழம் என்று அவள் வாயால் சொல்லும்வரை ஒரு மதகையும் மூடற்க. இனி எம் ஓலை எதுவும் ஓர் எண்ணை இட்டுச் சோதித்த பின்னரே முத்திரை பெறும்.

எம் எழுத்தை மறுபடி எப்படி நம்புவதென்று நீர் ஐயுறலாம், அது நியாயமே. இதை எழுதி முடித்ததும் புறப்படுகிறோம். உம் கரைமேல் ஏறி நிற்க அல்ல. கரைக்குக் கீழே அக்குடிகளின் நடுவே வந்து அமர்வோம், கயிறு மூன்று முழம் காட்டும்வரை எழோம்.

இது தேவியாரின் ஆணை. இது எம் முத்திரை. திறந்துவிடுக.